ட்ரூடியின் சூப் சட்டியும் பத்து காலனும்

ட்ரூடி நோவிட்ஸ்கியைப் பற்றி வேறு யாராவது எழுதினால் பாதி பொய் கலந்துவிடும் என்பதால் நானே எழுதுகிறேன். நான் ஆர்லன். ஏரிக்கரை ஊரான மானிட்டவாக்கில் வீட்டுப் பியர் காய்ச்சுகிறவர்களுக்கு முளைகட்டிய பார்லி, கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூ, பாத்திரம் எல்லாம் விற்கிற கடை என்னுடையது. எங்கள் காய்ச்சுவோர் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். வேறு ஏமாளி கிடைக்கவில்லை.

ட்ரூடி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். ஐம்பத்து மூன்று வயது. ஏரிக்காற்று முகத்தில் அறைகிற ஜனவரியிலும் அவள் வண்டி ஒரு நிமிடம் பிந்தியதில்லை. பதினான்கு வருடம் டெல்மருக்கு மனைவியாக இருந்தாள். அத்தனை வருடமும் டெல்மரின் பியருக்கு மூக்கும் நாக்கும் அவள்தான். எந்தப் பார்லி எவ்வளவு, ரை தானியம் எத்தனை பிடி, அடுப்பை எப்போது அணைப்பது, எல்லாம் அவள் சொல்வாள், நின்று கிண்டுவதும் அவள்தான்.

எங்கள் சங்கத்தில் கோப்பையெல்லாம் கிடையாது. ஊறலைக் கிண்டுகிற பழைய மரத் துடுப்பு ஒன்று இருக்கிறது. வருடா வருடம் போட்டியில் ஜெயிக்கிறவர் பெயரைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதில் சுட்டு எழுதுவோம். அதில் டெல்மர் பெயர் நான்கு இடத்தில் இருக்கிறது. ட்ரூடி பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் காணாது.

காரணம் எங்கள் முதல் விதி. எவர் பாத்திரத்தில் கொதித்ததோ, பியர் அவர் பெயருக்கே. ஆதியில் மூன்று பங்காளிகள் ஒரே பியருக்குச் சொந்தம் கொண்டாடி மூக்கை உடைத்துக்கொண்டதால் வந்த விதி அது. பாத்திரமெல்லாம் டெல்மர் வாங்கியது. இருவரும் பிரிந்தபோது அத்தனையையும் அவனே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். நாய் மட்டும் ட்ரூடியோடு தங்கிவிட்டது. அதற்கும் நல்ல மூக்கு.

"கிண்டத் தெரிஞ்சவளுக்கெல்லாம் காய்ச்சத் தெரிஞ்சிடுமா?" என்று ஊரே கூடுகிற வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் அவன் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. அவள் காதிலும் விழுந்தது.

அடுத்த வாரம் கடைக்கு வந்தாள். துடுப்பில் தன் பெயர் ஏற வேண்டும், அதற்குச் சொந்தப் பாத்திரம் வேண்டும் என்றாள். நான் வியாபாரி. கடையிலேயே பெரிய அண்டாவைக் காட்டினேன். இருபது காலன், அதாவது எழுபத்தைந்து லிட்டர், கொள்ளும். அடியில் சல்லடைத் தட்டு, கீழே குழாய்.

"முகம் பாத்துக்கலாம், அவ்ளோ பளபளப்பு. டெல்மர்கிட்ட இருக்கிறதும் இதேதான். இனிமே வேற பாத்திரமே வாங்க வேண்டாம் ட்ரூடி."

"தொப்பியில ஒரு காலன் சீட்டு வந்தா?"

எங்கள் போட்டியின் வில்லங்கம் அதுதான். மே மாதம் முதல் சனிக்கிழமை, தீயணைப்பு நிலைய வாசலில், காலை எட்டு மணிக்கு ஒவ்வொருவரும் தொப்பிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். ஒன்று, ஐந்து, பத்து. எது வருகிறதோ அத்தனை காலன் காய்ச்ச வேண்டும். அதற்கப்புறம் வீட்டுக்கோ கடைக்கோ ஓடக் கூடாது. தேவையானால் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் இரவல் பாத்திரத்தில் கொதித்தது பாத்திரக்காரர் பெயருக்குப் போய்விடும்.

"கொஞ்சமா ஊத்திக் காய்ச்சிக்க வேண்டியதுதான்," என்றேன்.

"தண்ணி கொண்டா."

ஊற்றினாள். குழாயைத் திறந்தாள். சொட்டு நிற்கும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு அண்டாவைக் கவிழ்த்து, மிச்சத்தை அளவுக் குவளையில் பிடித்தாள். முழுசாக ஒரு காலன்.

"பாத்தியா? மொத்தச் சாறும் சல்லடைக்கு அடியிலயே படுத்துக்கும். குழாய்ல காத்துதான் வரும். அப்படியே வந்தாலும் இவ்ளோ அகல வாய்க்கு ஒரு மணி நேரத்துல எல்லாம் ஆவியாப் போயிடும்."

பதினெட்டு வருடம் அண்டா விற்கிறேன். ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் அல்ல என்று இப்போது புரிகிறது. அப்போது அவள் மேல்தான் காட்டினேன்.

"இப்படி ஒவ்வொண்ணுலயும் தண்ணி ஊத்திப் பாத்தா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"மூடு. நான் பாத்து முடிச்சதும் திறந்துக்கலாம்."

மத்தியானம்வரை கடை முழுக்க ஈரம். கடைசியில் எட்டு காலன் பானை இரண்டு வாங்கினாள், அவ்வளவுதான். ஊறல் போட, மூடினால் சூடு வெளியேறாத பிக்னிக் பெட்டி அவளிடமே இருந்தது. சல்லடைக்குப் பதில் மெல்லிய திரைச்சீலைத் துணியில் மூன்று அளவில் பை தைத்துக்கொண்டாள். பையைத் தூக்கிவிட்டால் அடியில் எதுவும் தங்காது.

"ஒண்ணு வந்தா என் சூப் சட்டி. அஞ்சு வந்தா ஒரு பானை. பத்து வந்தா ரெண்டு பானை," என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைக்காரன் எனக்குத் தெரியவில்லை.

மே மாதம் வந்தது. மூன்றடுக்குச் சட்டத்தில் அண்டாக்கள் மின்ன டெல்மர் வந்து இறங்கினான். ட்ரூடி மடித்த திரைச்சீலையோடு இறங்கினாள்.

"என்ன ட்ரூடி, துணி துவைக்க வந்தியா?"

"உன் வாயத்தான் துவைக்கலாம்னு பாத்தேன். கொண்டுவந்த சோப்பு பத்தாது."

சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த தீயணைப்புக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தொப்பியை நீட்டினேன். ட்ரூடிக்குப் பத்து வந்தது.

"பத்து காலனைத் திரைச்சீலையில முடிஞ்சு வைக்கப் போறா!" என்ற டெல்மர் அடுத்துக் கையை விட்டான். சீட்டைப் பிரித்தவன் முகம் சுருங்கியது. ஒன்று. நான்கு முறை ஜெயித்தபோதும் அவனுக்குப் பத்துதான் வந்தது. அதைத் திறமை என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். இப்போது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ட்ரூடி பெட்டிக்குள் பெரிய பையை விரித்துச் சூடுதண்ணீரில் ஊறல் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து, நனைந்து கனத்த அந்தப் பையை எப்படித் தூக்கப் போகிறாள் என்று எல்லாரும் வேடிக்கை பார்த்தோம். வேட்டையில் மானைத் தொங்கவிடுகிற கப்பியை எடுத்து நிலையத்து ஏணியில் மாட்டினாள். ஒரு கையால் கயிற்றை இழுத்தாள். பை மேலே எழும்பிச் சாறு பூராவும் பெட்டிக்குள் வடிந்தது. அதை இரண்டு பானைக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொதிக்க வைத்தாள். ரை வாசனையில் என் வாய் ஊறியது.

அந்தப் பக்கம் டெல்மர் குழாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அண்டாவுக்கு அடியில் செங்கல் வைத்துச் சாய்த்தான். கால் குவளை வந்தது. சுற்றிலும் பார்த்தான். எல்லார் பாத்திரமும் அடுப்பில் இருந்தது. ட்ரூடியின் சூப் சட்டி மட்டும் சும்மா கிடந்தது.

தயங்கித் தயங்கி அவள் அடுப்புப் பக்கம் வந்தான்.

"ட்ரூடி... அந்தச் சட்டி வேணும்."

"விதி ஞாபகம் இருக்கில்ல?" என்றேன் நான். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

"இருக்குடா. வாய மூடு."

"எடுத்துக்க," என்றாள் ட்ரூடி. "சின்னப் பையையும் எடுத்துக்க. அண்டாவ அப்படியே அதுல கவுத்து வடிகட்டு. அடுப்பச் சின்னதா வை, அடி பிடிச்சிடும்."

பியர் நொதித்துத் தயாரானதும், ஜூன் மாதம் அதே தீயணைப்பு நிலையத்தில், பெயர் மறைத்த குவளைகளில் ருசி பார்த்தார்கள். நடுவர்கள் வெளியூர்க்காரர்கள். முடிவுக் காகிதத்தைப் பிரித்துப் படித்தேன்.

"ரெண்டாவது இடம்... சூப் சட்டி பியர். விதிப்படி ட்ரூடி நோவிட்ஸ்கி."

டெல்மர் தரையைப் பார்த்தான்.

"முதல் இடம்... பத்து காலன் ரை பியர். ட்ரூடி நோவிட்ஸ்கி!"

கூரை பறந்துவிடும் போலக் கத்தினோம். யாரோ அவளை மேசை மேல் ஏற்றிவிட்டார்கள். நாய் குரைத்தது. நான் அழுதேன், யாராவது இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்தான்.

அவள் கையைத் தூக்கினாள். "ஆர்லன், அந்த ரெண்டாவது இடத்துக்குச் சங்க நோட்டுல டெல்மர் பேரையே எழுது. சட்டி என்னோடதா இருந்தாலும் நாலு மணி நேரம் நின்னு காய்ச்சினது அவன். பாத்திரமா பியர் காய்ச்சுது?"

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"பாத்திரம் காய்ச்சலன்னா, துடுப்புல இருக்கிற அந்தப் பழைய நாலு வருஷப் பியரைக் காய்ச்சினது யாரு?"

டெல்மர் என்னைப் பார்த்தான், மேசை மேல் நின்றவளைப் பார்த்தான். அடிக்க வருகிறான் என்றே நினைத்தேன். அவன் நேரே சாசேஜ் அடுப்புக்குப் போய், துடுப்பில் எழுதுகிற கம்பியைத் தணலுக்குள் செருகினான்.

"நல்லா காயட்டும்," என்றான். "அவ பேர அஞ்சு இடத்துல எழுதணும்."