புது நேரத்தில் பிறந்த செல்வி

கொமினிகேஷன் கடை போட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: கதவைத் திறந்து வைத்தால் போன் எடுக்க வருகிறவர் பாதி, கவலை சொல்ல வருகிறவர் மீதி.

எனக்கு மட்டக்களப்புப் புளியந்தீவில் சின்னக் கடை. இரண்டு போன், ஒரு போட்டோக்கொப்பி மெசின், இரண்டு கொம்பியூட்டர். இன்ரநெற் போன் லைனில்தான் வரும். யாராவது கட்டாரில் இருக்கிற மகனோடு பேச வந்தால் இன்ரநெற்றை வெட்டிவிட வேண்டும். சுனாமியில் கடல் வந்துபோன பிறகு முதல் சில மாதம் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் என்று கொப்பி அடித்தே கை ஓய்ந்தது. சித்திரை வருசம் பிறந்ததும் வேறு சனம் வரத் தொடங்கியது. அவர்களுக்குச் சாதகம் வேணும்.

கடல் சாதகத்தையும் விடவில்லை, கரையோரத்துச் சாத்திரிமாரின் பழைய பஞ்சாங்கங்களையும் விடவில்லை. அந்தந்த வருசத்துப் பஞ்சாங்கம் இல்லாமல் சாத்திரி எதைப் பார்த்துக் கணிக்கிறது? ‘கொம்பியூட்டர்ல எல்லாம் இரிக்காம்’ என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டான். நானோ மெதடிஸ்த கோயிலுக்குப் போகிறவள். லக்கினம் என்றால் கறுப்பா சிவப்பா என்று தெரியாது. என்னைப்போல மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், ஆறுதலாகப் பேசுவோம்.

பிறந்த இடம் எது?

தங்கமலர் அக்காவும் மகள் செல்வியும் வந்தது வைகாசியில். நாவலடியில் அவர்களுடைய வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும்தான் மிச்சம். தன்னாமுனையில் அக்காவின் தாய்வீட்டில் ஒதுங்கியிருந்தார்கள். அதற்கு முன் முகாமில் கிடந்த நாட்களில் ஆற்றுக்கு அங்காலுள்ள உன்னிச்சையிலிருந்து உழவு மெசினில் சோற்றுப் பார்சல் கொண்டுவந்த பொடியன்களில் குணம் என்று ஒருவன். மற்றவர்கள் பார்சல் கொடுத்து முடிந்ததும் போய்விட்டார்கள். இவன் மட்டும் வந்துகொண்டே இருந்தான். செல்விக்கும் விருப்பம். குணத்தின் தாய் பூமணி அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாவாம், பெட்டையின் சாதகம். பொருந்தினால் ஆவணியில் கலியாணம், பொருந்தாவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

“பிறந்த நேரம் தெரியுமா அக்கா?” என்று கேட்டேன். “ஏன் தெரியா? தலைப்பிள்ளையெண்டு தாய்வீட்டிலதான் பெத்தனான். தன்னாமுனை வேதக்கோயில்ல விடிய ஆறு மணி அடிச்சு ஓய இவள் விழுந்தாள்” என்றா. கெதியாகத் திறந்த இணையத்தளம் ஒன்றில் நாளையும் நேரத்தையும் போட்டேன். அடுத்ததாக அது பிறந்த ஊரைக் கேட்டது. பட்டியலில் கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை எல்லாம் இருக்க, மட்டக்களப்பை மட்டும் காணவில்லை. எனக்கு வந்த கோபம்! எங்களைக் கடலுக்குத் தெரிந்த அளவுகூட இவங்களுக்குத் தெரியவில்லை. சரி, தலைநகரைப் போட்டுவிடுவோம் என்று கொழும்பில் கையை வைத்தேன். தங்கமலர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா.

“கொழும்பு வேணாம் புள்ள, மறுகா கொழும்புப் பொம்பிளையெண்டு சீதனத்தைக் கூட்டிக் கேப்பாங்க, பக்கத்தில இரிக்கிற திருகோணமலையைப் போடு.”

நல்லது சொல்லும் தளம்

எந்தத் தளம் நல்லது என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. நான் கண்ட அளவில் சொல்கிறேன். சிலது படமாக மின்னும், ஆனால் பாதிப் படம் வருவதற்குள் லைன் அறுந்துவிடும். சிலது கட்டத்தை வடநாட்டு முறையில் குறுக்கும் மறுக்குமாகக் கீறித் தரும். அதைப் பார்த்த கிழவர் ஒருவர், இது சாதகமா, பேரன் ஏத்துற பட்டமா என்று கேட்டார். சிலது பிறந்த நாளைக் கேட்கும் முன்னமே ஈமெயிலைக் கேட்கும். எங்கள் சனம் ஈமெயிலுக்கு எங்கே போகும்? கொஞ்ச நாளில் ஊரில் பாதிப்பேருக்கு என்னுடைய விலாசம்தான் விலாசம்.

ஓய்வெடுத்த தபால்காரர் ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார். முதல் தளம் அவருக்குச் சனியன் எட்டாம் வீட்டில் என்றது, சுகமில்லை. இரண்டாவதும் அதையே சொன்னது. மூன்றாவது, வெளிநாடு போகும் யோகம் கொஞ்சம் இருக்கிறது என்றதும் அண்ணரின் முகம் லேசாக மலர்ந்தது. அதற்குள் நான் மூன்று தரம் இன்ரநெற்றை வெட்டி ஒட்டியிருந்தேன். போதும் அண்ணே என்று மவுஸை விட்டேன். அவர் குடையைக் கதிரையில் மாட்டிவிட்டு ஆறுதலாகச் சாய்ந்தார்.

“நல்லதாச் சொல்றது ஒண்டு அம்பிடும் மட்டும் தேடு மகள், எனக்கு பஸ் பின்னேரம்தான்.”

ஏழில் செவ்வாய்

பூமணி அக்கா சாதகத்தைக் கையில் வாங்கிப்போகத் தானே வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தா. பத்து மணிக்கு என்று பேச்சு. பத்தாகியது, பத்தேகாலாகியது, செல்விக்கு முகத்தில் ரத்தமில்லை. பத்தரைக்கு அக்கா வந்து இறங்கினா. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்ததை அவ கண்டுவிட்டா. “நான் சரியாப் பத்துக்குத்தான் வந்தனான். உங்கட மணிக்கூடுதான் ஓடிப்போய் முன்னுக்கு நிக்கிது” என்று கையை நீட்டிக் காட்டினா. அவவின் கைமணிக்கூட்டில் பத்துத்தான்.

வெளியூர் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். தொண்ணூறுகளில் கரண்ட் மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னால் தள்ளியது. அது கடைசியில் அரை மணித்தியாலத்தில் வந்து நின்றது. ஆற்றுக்கு அங்கால், படுவான்கரையை வைத்திருந்த இயக்கம் அதை ஏற்கவில்லை. அதனால் பாலத்துக்கு இங்கால் புது நேரம், அங்கால் பழைய நேரம். கலியாண வீடோ செத்த வீடோ, ‘புது நேரமா பழைய நேரமா’ என்று கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் வெளிக்கிட மாட்டார்கள்.

அக்கா தாளை வாங்கி, கட்டம் கட்டமாக விரலை வைத்து எண்ணினா. ஏழாவது கட்டத்தில் விரல் நின்றது. ஏழாம் வீடு தாலி கட்டப்போகிறவனுக்கு உரியதாம். அதில் செவ்வாய் இருந்தால் அவன் உயிருக்கு ஆகாதாம். குணத்தின் சாதகத்தில் அப்படி ஒன்றுமில்லை, அதனால் பொருந்தாதாம். புருசனையும் மூத்தவனையும் சண்டைக்குக் கொடுத்த மனுசி அவ. செல்வியின் தலையைத் தடவிவிட்டுத்தான் எழும்பினா.

“உன்னில ஒரு குறையும் இல்ல மகள், எனக்கு இரிக்கிறது அவன் ஒருத்தன்தான், அவன்ட உசிரோட நான் விளையாட ஏலாது.”

செல்வி கேட்டது

இரண்டு நாள் கழித்துச் செல்வி தனியே வந்தாள். அழுது வீங்கிய முகம், ஆனால் நடையில் ஒரு முடிவு தெரிந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. தபால்காரர் வழியில் போவோம், நல்லது சொல்லும் தளம் ஒன்றைத் தேடி அடித்துத் தாறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். சொன்னதும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது, அவள் அப்படிப் பார்த்தாள்.

பிறகு அவளே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து ஒவ்வொரு தளமாகத் திறந்தாள். நாலு தளத்தில் இரண்டு தளம் செவ்வாய் ஏழில் என்றது, இரண்டு ஆறில் என்றது. ஆறில் என்றால் தோசமே இல்லையாம். ஒரே பிள்ளை, ஒரே நாள், ஒரே மணி, ஆனால் இரண்டு சாதகம்! எனக்கு விசர் பிடித்தது. இந்தப் பெட்டியைத் தூக்கி ஆற்றில் போடப்போகிறேன் என்று கத்தினேன். போட்டோக்கொப்பிக்கு நின்ற இரண்டு பேர் பயந்து வெளியே போய்விட்டார்கள். செல்வி மட்டும் ஆடவில்லை, அசையவில்லை.

“எனக்கு நல்லது சொல்றது வேணாம் அக்கா, நான் பிறந்த நேரத்திலதான் பிறந்தனான் எண்டு சொல்றது இதில எது, அதைக் கண்டுபிடிப்பம்.”

காலில் கிடந்த வெயில்

தளங்களின் அடியில், யாரும் கவனிக்காத மூலையில், ஒரு சின்னப் பெட்டி இருந்தது. இலண்டனுக்கும் எங்கள் ஊருக்கும் எத்தனை மணித்தியால வித்தியாசம் என்று போடுகிற இடம். ஏழில் என்ற இரண்டிலும் அது ஆறு. ஆறில் என்ற இரண்டிலும் ஐந்தரை. அரை மணித்தியாலம்! எனக்குச் சட்டென்று பூமணி அக்காவின் கைமணிக்கூடு நினைவுக்கு வந்தது. அட கோதாரி, இது புது நேரமும் பழைய நேரமும் அல்லவா! செல்வி பிறந்த காலத்தில் இந்தத் தீவில் புது நேரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. இன்றைய மணிக்கூட்டைக் கொண்டுபோய் இருபது வருசத்துக்கு முந்திய கைக்குழந்தைக்குக் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

அது எங்கள் கணக்கு. ஆனால் பூமணி அக்காவுக்குக் கணக்குப் போதாது, கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். அதைச் செல்விதான் பிடித்தாள். பிறக்கும் நேரத்தில் கிழக்கில் எழும்புகிற கட்டம்தான் லக்கினம் என்று ஒரு தளத்தில் எழுதியிருந்தது. ஏழில் என்ற சாதகத்தில் சூரியன் லக்கினத்துக்கு அடுத்த கட்டத்தில் நின்றது. அப்படியென்றால் அது இன்னும் எழும்பவில்லை, ஊர் இருட்டு. மற்றதில் சூரியனும் லக்கினமும் ஒரே கட்டத்தில், விடிகிற நேரம். அடுத்தநாள் தங்கமலர் அக்காவைக் கூட்டிவரச் சொல்லி, காரணம் சொல்லாமல் கேட்டேன். இவள் பிறக்கக்குள்ள சூரியன் எழும்பிற்றா? எனக்குத்தான் மூளை பிசகிவிட்டது என்பதுபோல அக்கா பார்த்தா.

“எழும்பாம என்ன, கதவு நீக்கலால வந்த வெயில் என்ட கால்ல கிடந்தது, மருத்துவிச்சி அந்த வெளிச்சத்திலதான் கொடி வெட்டினவ.”

பழைய நேரக்காரி

பூமணி அக்காவைத் திரும்பக் கூப்பிடக் குணம்தான் பாடுபட்டான். வந்தா, முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தா. இம்முறை பத்தரைக்குத்தான் வருவா என்று தெரிந்து நான் ஆறுதலாகத் தேத்தண்ணி வைத்தேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். செல்வி தாவணித் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள். தங்கமலர் அக்கா வெயில் கதையைச் சொன்னா. பூமணி அக்கா கேட்டுக்கொண்டிருந்தா, ஆனால் முகம் இளகவில்லை. பக்கம் பக்கமாக விளங்கப்படுத்தினேன், இலண்டன் வரைக்கும் போய்வந்தேன், ஒன்றும் ஏறவில்லை.

கடைசியில் அக்காவே ஒரு தாளைத் தொட்டுக் கேட்டா, “அப்ப இது புது நேரத்தில எழுதினதா?” ஓம் என்றேன். “அதில செவ்வாய் ஏழிலயா?” ஓம். மற்றத் தாளைத் தொட்டா. “இது பழைய நேரம்?” ஓம் அக்கா, உங்கட நேரம். அக்கா தன் கைமணிக்கூட்டைப் பார்த்தா, என் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தா. எத்தனை வருசமாக ஆமியின் சோதனைச் சென்றியிலும் பஸ்ஸிலும் கந்தோரிலும் ‘பிந்தி வந்த மனுசி’ என்று பேச்சு வாங்கியவ! முகம் அப்படியே பூத்துவிட்டது. செல்வியை இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டா, கண்ணையும் துடைத்துக்கொண்டா.

“நான் அப்பவே சொன்னனே புள்ள, எங்கட மணிக்கூடுதான் சரி, உங்கட ரவுண் மணிக்கூட்டால என்ட மருமகளெல்லோ தப்பிப்போகப் பாத்தாள்!”

பாலத்துக் காற்று

ஆவணியில் கலியாணம் நடந்தது. அழைப்பில் முகூர்த்தத்துக்கு இரண்டு நேரமும் போட்டிருந்தார்கள். அடுத்த வருசப்பிறப்போடு அரசாங்கமும் மணிக்கூட்டைப் பழையபடி பின்னால் திருப்பிவிட்டது. பூமணி அக்கா அதைத் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டா. ஆனால் அந்தச் சந்தோசம் நீடிக்கவில்லை. ஆற்றுக்கு அங்கால் திரும்பவும் சண்டை வந்தது. உன்னிச்சைச் சனம் கையில் கிடைத்ததோடு இங்கால் ஓடிவந்து கூடாரங்களில் கிடந்தது. குணத்துக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நான் கோயிலில் முழங்காலில் நின்ற நாட்கள் உண்டு. மெதடிஸ்த கடவுளிடம் ‘ஆண்டவரே, செவ்வாய் ஆறில்தான்’ என்று நினைப்பூட்டியது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

சண்டை எல்லாம் முடிந்து வயல்வட்டையில் வேளாண்மை திரும்பப் பச்சை பிடித்த ஒரு நாள், செல்வியும் குணமும் மோட்டச்சைக்கிளில் வந்து இறங்கினார்கள். நடுவில் ஒரு பெண்பிள்ளை. குணத்தின் தலையில் கொஞ்சம் நரை, மற்றப்படி முழுசாக இருந்தான். பார்த்துக்கொண்டே நின்றேன். பிள்ளையின் சாதகம் ஓடும்போது தவறிவிட்டதாம். நல்லது சொல்கிற தளம் வேணாம், எங்கட தளத்தைத் திறங்க என்றாள் செல்வி. பழக்க தோசத்தில் வாய் முந்திவிட்டது, “பழைய நேரமா புது நேரமா?” செல்வி சிரித்தாள். “இவள் பிறக்கக்குள்ள ஒரு நேரம்தான் அக்கா இருந்தது.”

சின்னவளின் செவ்வாயைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பூமணி அக்கா பஸ்ஸில் பின்னால் வருகிறாவாம், பத்து மணிக்கு. பத்தாகியது, பத்தேகாலாகியது, பத்தரையும் ஆகியது. இப்போது இரண்டு கரைக்கும் ஒரே நேரம், சென்றியில் இறக்கிச் சோதிப்பதும் இல்லை. இனி என்ன சாட்டுச் சொல்லப்போகிறா பார்ப்போம் என்று வாசலில் போய் நின்றேன். கலைந்த தலையோடு, ஒரு அவசரமும் இல்லாமல் நடந்து வந்தா.

“பாலத்தில காத்து நல்லா இரிந்திச்சி புள்ள, பஸ்ஸால இறங்கி நிண்டு ஆத்தைப் பாத்திட்டு வாறன், இப்ப நிக்கலாம், ஆரும் ஏன் எண்டு கேக்கிறல்ல.”

இத்தனை தளங்களைத் திறந்து மூடிய பிறகு என் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான்: சாதகம் கேட்டு வருகிறவரிடம் பிறந்த நேரத்தைக் கேட்பதற்கு முன், ஆற்றுக்கு எந்தக் கரை என்று கேட்டுவிட வேண்டும்.