அக்கா காலேஜ் பார்த்த நாள்

சர்வகலாசாலைக்குக் கையில் எலுமிச்சம்பழத்தோடு போன ஒரே மடையன் இந்த இலங்கையில் நானாகத்தான் இருப்பேன். அதுவும் வெறுங்காலோடு, செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. நேற்று மருமகள் ஊறுகாய்க்குப் பழம் நறுக்கினாள். வாசனை கூடத்துக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்ன மாமா, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள். வயசானால் அப்படித்தான் என்று சமாளித்தேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

பதுளைக் கடைவீதியில் எங்களுக்குப் புடவைக் கடை. வாங்க வருகிறவர்கள் எல்லாம் சுற்றுவட்டத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். தீபாவளி வந்தால் அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். துரை பங்களா கேட்டிலேயே செருப்பு கழன்றுவிடும். துரை கையில் ஓர் எலுமிச்சம்பழம், ஒரு கும்பிடு, திரும்பிவிடுவோம். அத்தனை பழத்தையும் துரைமார் என்னதான் செய்தார்களோ! பெரிய கட்டிடம் என்றால் உள்ளே ஒரு துரை இருப்பார், துரை என்றால் பழம் வேண்டும். என் படிப்பு அவ்வளவுதான்.

படிப்பு அக்காவுக்கு வந்தது. வீட்டுக்கென்று வந்த மூளை மொத்தத்தையும் அவளே எடுத்துக்கொண்டு எனக்குப் பசியை மட்டும் விட்டுவைத்தாள். மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார டீச்சர் ஒருநாள் கடைக்கே வந்து, கொழும்பில் புதிதாகத் திறந்திருக்கும் சர்வகலாசாலைக் காலேஜுக்கு இவளை அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா அந்த அம்மாளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். அந்த வாரமே, மொனராகலையில் மளிகைக்கடை வைத்திருந்த அத்தை மகனுக்கு அக்காவைப் பேசி முடித்தார்.

அக்கா அழவில்லை. யாரோடும் பேசவுமில்லை. எங்கள் கடையில் பட்டு கிடையாது; முகூர்த்தப் புடவை எடுக்கக் கொழும்புக்குப் போகிற பேச்சு வந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"நானும் வர்றேங்கப்பா. அந்தக் காலேஜ ஒரு தடவ கண்ணால பாத்துக்கிறேன். அதுக்கப்புறம் நீங்க சொன்ன எடத்துல கழுத்த நீட்டுறேன்."

அப்பா என்னைப் பார்த்து, "டேய், நீ கூட்டிட்டுப் போயி காட்டிட்டு, சுருக்கா கூட்டியாந்துரு" என்றார்.

ரயில் பதுளைக்கு வந்த புதிது அது. எல்ல ஸ்டேஷன் தாண்டும்வரை நான் ஜன்னலை விட்டுத் தலையை உள்ளே எடுக்கவில்லை; கண்ணில் கரி விழுந்த பிறகுதான் எடுத்தேன். அக்கா வெளியே எதையும் பார்க்கவில்லை. காலேஜைப் பார்க்கும்வரை கண்ணைச் செலவழிக்கக்கூடாது என்று இருந்தாள்போல.

அப்பாவைக் கொழும்புப் புடவைக் கடையொன்றில் விட்டுவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தால், காலேஜுக்கு விடுமுறை. அதுகூடத் தெரியாமல் வந்திருக்கிறோம். மரத்தடியில் கோட்டும் டையுமாக ஒருவர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் குனிந்து பழத்தை நீட்டினேன்.

"சலாமுங்க தொரை!"

அவர் பழத்தைப் பார்த்தார். என் கக்கத்துச் செருப்பைப் பார்த்தார். "தம்பி, நான் துரை இல்லை. யாழ்ப்பாணம். இங்க படிக்கிறன். இதை வச்சு நான் என்ன செய்யிறது?"

"புழிஞ்சு குடிங்க. அவன் தலையிலயும் கொஞ்சம் தேய்ச்சு விடுங்க" என்றாள் அக்கா. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். என் மடத்தனத்தால் விளைந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

அவரே ஒரு வகுப்பறையைத் திறந்து காட்டினார். அக்கா வாசலிலேயே நின்றாள்.

"பொம்பளப் புள்ளைங்க எங்க உக்காருவாங்க?"

அவர் முன் பெஞ்சைக் காட்டினார். அவள் போய் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகி, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, துடைத்துக் கிடந்த கரும்பலகையையே பார்த்தாள். அந்த மாணவர் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். பகடி பண்ண ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

மொனராகலையின் மலேரியாக் காய்ச்சல் அவளைக் கல்யாணமான இரண்டாவது மழைக்கே கொண்டுபோய்விட்டது. துக்கத்துக்குப் போன நான் அவள் புத்தகங்களைத் தேடினேன். பாதிக்கு மேல் ஏற்கெனவே சீனியும் மிளகாயும் மடித்துப் போயிருந்தன. அத்தான் கெட்டவரில்லை, தாள் என்றால் சரக்கு மடிக்க என்று நினைத்தவர். மிச்சத்தைக் கேட்காமலே திரும்பி வந்தேன். இப்போது அத்தான் இல்லை, அப்பா இல்லை, எங்கள் கடை இருந்த இடத்தில் யாரோ சைக்கிள் விற்கிறார்கள். போட்டோ எடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அக்காவின் முகம்கூட எனக்குச் சரியாக வருவதில்லை. வாசலில் இருந்து பார்த்த அந்த முதுகும் பின்னலும்தான் வருகின்றன.

அன்று காலேஜில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. புடவைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு அப்பா காத்திருப்பார். அத்தனை பெரிய கட்டிடத்தில் ஓர் ஓசை இல்லை. மெல்லக் கூப்பிட்டேன்.

"அக்கா, போவமா?"

அவள் திரும்பவில்லை.

"மணி அடிக்கட்டும்."