நான் போட்ட வழி

கோடையில் சங்கராபரணி ஆறு வற்றியிருந்தபோது, செம்மண் மேட்டிலிருந்து இறங்கி ஆற்றைக் கடக்கும் சைக்கிள் வழியொன்றை, மற்றவர்களும் பார்த்துப் போகும் போன் ஆப் ஒன்றில் போட்டவன் நான். மழைக்காலத்தில் அதே வழியில் போனபோது, மாடு மேய்க்கும் ஒருவர் குறுக்கே வந்து மறித்தார். முழுக்க நனைந்திருந்தார். கையிலிருந்த மூங்கில் கோலை ஆற்றில் விட்டெடுத்து, அது தன் கழுத்து உயரத்துக்கு நனைந்திருப்பதைக் காட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் இப்படித்தான் காட்டுவாராம்.

“போன் பாத்துதான வந்த? திரும்புபா. போன வாரம் ஆத்துலேந்து ஒரு பொண்ண முடியப் புடிச்சி இழுத்துப் போட்டேன்.”

“யாருண்ணா வழி போட்டது?” என்று கேட்டேன்.

“எவனோ படிச்ச பேமானி. பாத்தா சொல்லு, மாட்ட வுட்டுட்டு தெனம் இங்க நிக்க முடியலன்னு.”

“சொல்றேண்ணா” என்றேன்.

அன்றே வழியை அழித்துவிட்டேன். முன்பே இறக்கிக்கொண்டவர்களின் போனில் அது அப்படியே இருக்கும். இன்று காலையிலிருந்து மழை. அவர் நின்றுகொண்டிருப்பார்.