கடைசி வேர்டு ஃபைலும் ஜெரினா அக்கா கழுத்தும்

எங்க தொழில் இன்னான்னு ஒரே வரில சொல்லணும்னா பிச்சை எடுக்குறதுதான். ஆனா காசு கேக்க மாட்டோம், வேர்டு ஃபைல் கேப்போம்.

பூந்தமல்லி பக்கத்துல ஒரு யுனிவர்சிட்டி லைப்ரரில இருக்கேன். எங்க புரொபசருங்க எழுதுற ஆராய்ச்சிக் கட்டுரைய வாங்கி எங்க வெப்சைட்ல ஏத்தணும். யார் வேணா, எங்கிருந்து வேணா, சும்மா படிக்கலாம். இன்னா அழகான வேலை! சேந்த அன்னிக்கு ஆவடி ஃபேக்டரி குவாட்டர்ஸ்ல எங்கப்பாகிட்ட மூச்சு விடாம அரை மணி நேரம் சொன்னேன். பாவம், ஷிப்ட் முடிச்சிட்டு வந்த மனுஷன். (ஸ்கேனர்ல ஒரு தீசிஸ் ஓடிக்கினு இருக்கு, அது முடியறதுக்குள்ள டைப் பண்றேன்.) ஒரு கட்டுரையத் தேடிப் போயி, நாலு வரி காமிச்சுட்டு மிச்சத்துக்குக் காசு கேட்டுப் பூட்டுப் படம் போட்ட பக்கத்தையே பாத்துக்கினு உக்காந்திருக்கீங்களா? வாங்க, நம்மாளுங்கதான் நீங்க.

சொந்த ஊட்டுக்கு டிக்கெட்டு

கஷ்டம் எங்கன்னா, ஜர்னல்ல அச்சாகி வந்த பிடிஎஃப் ஜர்னலுக்குச் சொந்தம். அத நாங்க ஏத்தக் கூடாது. புரொபசர் திருத்தி முடிச்சு அனுப்புன கடைசி வேர்டு ஃபைல் இருக்கு பாருங்க, அத ஏத்தலாம். அத மட்டும் யாரும் வச்சிருக்க மாட்டாங்க. கெமிஸ்ட்ரி சார் ஒருத்தர் மூணு தடவ மெயில் அனுப்புனார். மூணு தடவையும் ஜர்னல் முத்திரை போட்ட பிடிஎஃப்தான். நாலாவது தடவ நேர்ல போயி, "சார், இது ஆகாது"ன்னேன். கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு என்னையே பாத்தார்.

"நான் கட்டுன ஊட்டுக்குள்ள நானே போறதுக்கு டிக்கெட்டு வாங்கணுமாப்பா?"

கழுத்துல ஒட்டுன ஒயரு

ஒரு நாள் லைப்ரரி வாசல்ல ஒரு அக்கா நின்னுக்கினு இருந்தாங்க. ஐடி கார்டு இல்லன்னு செக்யூரிட்டி உள்ள விடல. பேரு ஜெரினா. பூந்தமல்லில ஆரி வேலை பண்றவங்க. மரச் சட்டத்துல துணிய இழுத்துக் கட்டி, குனிஞ்சுக்கினே நாள் முழுக்க பாசி கோத்துத் தைக்கிற வேலை. அவங்க பட்டறைல ஆறு பேரு. ஆறு பேருக்கும் கழுத்து வலி.

மூணு வருஷம் முன்னாடி எங்க யுனிவர்சிட்டி வித்யா மேடம் அங்க போயி, சட்டத்த தாழ்வா, நடுவுல, உசரமான்னு மூணு மாதிரி வச்சு, எதுல கழுத்துக்குக் கஷ்டம் கம்மின்னு ஒயர் ஒட்டி அளந்திருக்காங்க. கட்டுரையும் வந்திருச்சு. இப்போ பட்டறைக்குப் புதுச் சட்டம் செய்யணும். எந்த உசரம்னு ஆசாரி கேக்குறாரு. ஆறு பேரும் ஆறு பதில் சொல்றாங்க. அளந்த கணக்கு கட்டுரைக்குள்ள இருக்கு. கட்டுரை பூட்டுக்குள்ள இருக்கு. அந்த ஜர்னல எங்க லைப்ரரியே வாங்குறதில்ல! அத நான் சொன்னப்போ எனக்கே கூச்சமாயிருச்சு.

"எங்க கழுத்தத்தானே தம்பி அளந்துகினு போனாங்க, அத எங்களுக்கே காட்ட மாட்டாங்களா?"

சுத்தம் பண்ணுன கம்ப்யூட்டர்

அந்த ஜர்னல் விதிய எடுத்துப் படிச்சேன். அச்சாகி ஒரு வருஷம் கழிச்சு வேர்டு ஃபைல ஏத்தலாம்னு போட்டிருக்கு. ஒரு வருஷம் எப்பவோ முடிஞ்சிருச்சு! அனுமதி இருக்கு, ஃபைல்தான் இல்ல. மேடமும் வேற ஸ்டேட்ல வேலைக்குப் போயிட்டாங்க, அவங்க பழைய மெயில இங்க மூடிட்டாங்க. மேடத்தோட கம்ப்யூட்டர் இருக்குமேன்னு சிஸ்டம் ரூமுக்கு ஓடுனேன். அங்க குமார் அண்ணாத்தே பிஸ்கட் தின்னுக்கினு இருந்தாரு.

"அதுல ஒரு தூசு கூட இல்ல மாமே, எல்லாத்தையும் அழிச்சு புத்தம் புதுசா வச்சுக்கீறேன், வந்து பாரு!"

நல்ல ஐடியா

டீன் சார்கிட்ட போனேன். "சார், ஒரே ஒரு ரூல் போதும். ஜர்னல் கட்டுரைய ஏத்துக்கிட்ட அன்னிக்கே கடைசி ஃபைல் லைப்ரரிக்கு வரணும். ஆளு போனாலும் ஃபைல் நம்மகிட்ட இருக்கும். நம்ம வாத்தியார், நம்ம லேப், பக்கத்துத் தெரு ஜனங்க கழுத்து. நாமளே தொறந்து குடுக்கலன்னா யார் சார் குடுப்பா?" அவசரத்துல அவர் டீயையும் எடுத்துக் குடிச்சுட்டேன். அவர் கோச்சுக்கல. நான் சொன்னது மொத்தத்தையும் எழுதிக்கினாரு.

"ரொம்ப நல்ல ஐடியாப்பா, ஒரு கமிட்டி போட்டுடலாம்."

காலிக் கட்டம்

வெப்சைட்ல அந்தக் கட்டுரைக்கு ஒரு பக்கம் போட்டு வச்சேன். தலைப்பு இருக்கு, மேடம் பேரு இருக்கு, ஃபைல் இருக்க வேண்டிய கட்டம் மட்டும் காலி. தெனம் காலைல பூந்தமல்லில பஸ் விட்டு எறங்குனதும், மெட்ரோ தூணுக்குக் கீழ நின்னு போன்ல அதத் தொறந்து பாப்பேன். நான் போடாம எப்படி அது ரொம்பும்? தெரியும். இருந்தாலும் பாப்பேன். வர வேண்டிய ஆளு வராத ஊட்டு வாசல் மாதிரி இருக்கும் அது.

மேடத்தோட பழைய ஸ்டூடண்ட் ஒருத்தர் வழியா கடைசில நம்பர் கெடச்சுது. நான் விஷயத்தச் சொல்லி முடிச்சதும் மேடம், "தேடி அனுப்புறேன்"னு போன வச்சுட்டாங்க. அப்புறம் வேர்டு ஃபைல் வந்துச்சு, கூடவே ஒரு மெசேஜ்.

"எத்தனை பேரு இத மேற்கோள் காட்டுனாங்கன்னு மாசா மாசம் பாப்பேன் தம்பி, ஜெரினா கேப்பாங்கன்னு ஒரு நாள் கூட நெனைக்கல."

நடு உசரம்

அஞ்சே நிமிஷத்துல ஏத்திட்டேன். பிரிண்ட் எடுத்துக்கினு மத்தியானமே ஜெரினா அக்கா பட்டறைக்கு ஓடுனேன். உள்ள போனா ஆறு புதுச் சட்டம் நிக்குது. எல்லாம் தாழ்வு. ஆசாரிக்கு வேற ஊர்ல வேலையாம், அதுக்கு மேல காத்திருக்க முடியல. பழைய அளவுலயே செஞ்சு குடுத்துட்டுப் போயிட்டாராம். கட்டுரைல நடு உசரம்தான் கழுத்துக்கு நல்லதுன்னு இருக்குன்னு அக்காகிட்ட சொன்னேன். எனக்கு அழுகையே வந்திருச்சு.

அக்கா பிரிண்ட்ட வாங்கி, புரியாத இங்கிலீஷ ஒவ்வொரு பக்கமா பொறுமையா திருப்புனாங்க. ஒரு போட்டோ வந்ததும் நின்னாங்க. மூஞ்சி இல்லாத படம், ரெண்டு கையும் சட்டமும் மட்டும். தன் கைய அது பக்கத்துல வச்சுப் பாத்துக்கினாங்க. அப்புறம் எழுந்து கொல்லைப்பக்கம் போயி ரெண்டு கைலயும் செங்கல்லு தூக்கிக்கினு வந்தாங்க.

"இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிற, சட்டத்தத் தூக்கு தம்பி, அது காலுக்குக் கீழ கல்லு குடுப்போம்!"

கமிட்டி இன்னும் ஒரு தடவ கூட கூடல, ஆனா எங்க யுனிவர்சிட்டி ஆராய்ச்சி பூந்தமல்லில செங்கல்லு மேல ஏறி நிக்குது.