கிட்டங்கித் தெரு மாயக்காளின் பதினைந்து முடிச்சு

மாயக்காள் மேடையேறிப் பேசியதில்லை. கொடி பிடித்ததில்லை. சங்கத்தில் சேரச் சொல்லி மூன்று முறை அவள் வீட்டுக்குப் போனேன். மூன்று முறையும் "சோலி கெடக்குண்ணே" என்று திருப்பி அனுப்பினாள். ஆனாலும் போடிநாயக்கனூரில் நான் சங்க வேலை பார்த்த பதினொரு வருஷத்தில், அரைகுறை இல்லாமல் முழுசாக ஜெயித்த போராட்டம் ஒன்றுதான். அது அவள் நடத்தியது. அதனால் தலைவர்களை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுதுகிறேன்.

ஐம்பத்தாறாம் வருஷம் அவளுக்கு நாற்பதை ஒட்டிய வயது. புருஷன் சோலைமலை குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருதரம் இறங்கி வருவான். அவள் கிட்டங்கித் தெருவில் ஒரு மண்டியில் ஏலக்காய் பொறுக்கினாள். முறத்தில் காயைப் பரப்பி, காம்பு கிள்ளி, பச்சையை ஒரு பக்கம், வெளுத்ததை ஒரு பக்கம், வெடித்ததை ஒரு பக்கம் தள்ள வேண்டும். வெடித்த காயை உரித்து ஏலரிசியை எடுத்துக்கொண்டு தொலியைக் குப்பையில் கொட்டுவார்கள். பச்சையின் தரம் வெயில் வெளிச்சத்தில்தான் தெரியும் என்பதால், பெண்கள் தெருவாசலைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்வார்கள். இந்த விஷயத்தை வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

அவள் பக்கத்து முறம் தங்கச்சி அய்யம்மாளுடையது. அய்யம்மாளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. ஆனால் அந்த மண்டியில் அவள் விரலுக்கு ஈடு இல்லை. மற்றவர்கள் ஒரு முறம் முடிப்பதற்குள் அவள் ஒன்றரை முடிப்பாள். கல்யாணம் ஆகாதவள். அந்த வேலை ஒன்றுதான் அவளை நாலு பேரோடு உட்காரவைத்தது.

இனி லாரிக்கு வருவோம். விடியற்காலையில் அரிசி ஏற்றி மலைக்குப் போகும் லாரிகள் மத்தியானம் ஏலக்காய் மூட்டையோடு இறங்கும். இறங்கியவை தெருவின் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்கும். நடுவே ஒரு மாட்டுவண்டி போகத்தான் இடம். முன்னால் கம்பியை விட்டுச் சுற்றித்தான் அந்தப் பழைய லாரிகளைக் கிளப்ப வேண்டும், அதற்கு ரெண்டு ஆள் மூச்சு வாங்கும். அதனால் டிரைவர்கள் இஞ்சினை நிறுத்துவதே இல்லை. சாயங்காலம் வரை தெருவே உறுமிக்கொண்டு கிடக்கும்.

அய்யம்மாளுக்கு அந்த உறுமல் கேட்காது. ஆனால் லாரி வந்தால் பாதத்தில் தரை அதிரும், அவள் ஒதுங்கிக்கொள்வாள். அப்படித்தான் அத்தனை வருஷம் நடந்தாள். பத்துப் பன்னிரண்டு லாரி நின்றபடியே அதிரும்போது எது நகர்கிறது என்று பாதத்துக்கு எப்படித் தெரியும்? வைகாசியில் ஒரு சாயங்காலம் பின்பக்கமாக நகர்ந்து வந்த லாரி ஒன்று அவள் வலது காலில் ஏறியது. ரெண்டு விரல் நசுங்கிப்போனது.

மண்டி மேஸ்திரி சுருளிவேல் கெட்டவன் இல்லை, பயந்தவன். தெரு இப்படி இருக்கிற வரைக்கும் அய்யம்மாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஆவணியில் புதுக்காய் இறங்கும். இறங்குகிற அன்றைக்கு முறத்தோடு வந்து உட்காருகிறவளுக்குத்தான் அந்த வருஷம் இடம். தவறவிட்டால் அடுத்த ஆவணிதான். ஆக, ஆவணிக்குள் லாரி தெருவை விட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் அய்யம்மாள் வீட்டுக்குள் கிடக்க வேண்டும். இடையில் வேறு வழி இல்லை.

அப்போதுதான் மாயக்காள் தானாக என்னைத் தேடி வந்தாள். விடுவேனா? நாலு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். சுரண்டல், ஆதிக்கம், விழித்தெழு, எல்லாம் இருந்தது. தெருக்காரர்கள் அறுபத்தோரு பேர் கைநாட்டு வைத்தார்கள். வாசித்துக் காட்டச் சொல்லி முழுசாகக் கேட்டாள் மாயக்காள்.

"எல்லாம் இருக்குண்ணே. லாரியத்தான் காணோம்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. மனுவை அப்படியே நகராட்சியில் கொடுத்தேன். அந்த வார்டு மெம்பர் உக்கிரபாண்டிக்குச் சொந்தமாக ரெண்டு லாரி உண்டு. இது கட்சி நோட்டீசு என்று அவர் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டார். பார்வையிட வந்த ஆள் காலை ஒன்பது மணிக்கு வந்தான். லாரி எல்லாம் மலைமேல் இருக்கிற நேரம். சாலை சுத்தமாக உள்ளது என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். போகிற போக்கில் உக்கிரபாண்டி தெருமுனையில் நின்று, "ரோடு என்ன ஒங்க அப்பன் வீட்டு முத்தமா? காது கேக்காதவள வீட்ல வச்சுக் கஞ்சி ஊத்துங்க" என்று சொன்னார். அதைக் கேட்ட மாயக்காள் தன் முறத்துக்குத் திரும்பினாள்.

மறுநாள் ஆடி ஒன்று. மத்தியானம் முதல் லாரி வந்து நின்றதும், உரித்த தொலி ஒன்றை எடுத்து முறத்தின் ஓரத்தில் வைத்தாள். அடுத்த லாரிக்கு அடுத்த தொலி. நின்ற லாரிக்குக் காம்பில்லாத தொலி. பின்பக்கமாக வந்து ஆளைப் பதறி ஓடவைத்த லாரிக்குக் காம்போடு ஒரு தொலி. கண் தெருவில், கை முறத்தில், வேலையும் நிற்கவில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது, பொறுக்கத் தெரியும். சாயங்காலம் அன்றைய தொலியைப் பழைய சீலைத் துணியில் முடிந்தாள்.

மண்டி வாசலில் பெண்கள் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். தொலிக்கு மட்டும் தடை கிடையாது. கருப்பட்டிக் காப்பியில் போட எல்லாரும் அள்ளிக்கொண்டு போவார்கள். முடிச்சைப் பார்த்து சுருளிவேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆடி பிறந்து பதினைந்து நாள், பதினைந்து முடிச்சு. நாள் தவறாமல் வரிசையாக ஒரே கயிற்றில் கோர்த்தாள்.

ஆடிக் கடைசியில் நகராட்சிக் கூட்டம். இந்தத் தடவை மனுவை அவளே சொன்னாள், நான் எழுதினேன். நாலே வரி. தெருவில் லாரி நிற்கிறது, எத்தனை என்று கொண்டுவந்திருக்கிறோம், எண்ணிப் பாருங்கள், நிறுத்த வேறு இடம் காட்டுங்கள். முப்பது பெண்கள் வாசலில் நின்றார்கள். மாயக்காளும் அய்யம்மாளும் உள்ளே போனார்கள். நான் சுவரோரமாக நின்றேன்.

கயிற்றை மேசை மேல் வைத்து மாயக்காள் முதல் முடிச்சை அவிழ்த்தாள். ஏலக்காய் வாசம் கூடத்தில் கிளம்பியது. அங்கே இருந்த மெம்பர்களில் பாதிப்பேர் ஏலக்காயில் பிழைக்கிறவர்கள். எல்லாத் தலையும் மேசைப் பக்கம் திரும்பியது.

உக்கிரபாண்டி சட்டென்று எழுந்தார். "சேர்மன் அய்யா, மண்டிச் சரக்கு இது. களவாண்ட காய மேசையில வச்சு நமக்கே நாயம் சொல்ல வந்திருக்காளுக."

அதுதான் அவர் செய்த தப்பு. ஏலக்காய் ஊரில் களவுப் பேச்சு எழுந்தால் பிரித்துப் பார்க்காமல் விட முடியாது. மாயக்காள் குரலை உயர்த்தவில்லை.

"களவுன்னு சொல்லியாச்சு. இனி ஒண்ணுவிடாம பிரிச்சுப் பாக்கணும் அய்யா. உள்ள அரிசி இருந்தா போலீச கூப்பிடுங்க."

சேர்மன் வயசானவர், மலையில் நாலு ஏக்கர் தோட்டம் உள்ளவர். குமாஸ்தா பேச்சிமுத்துவைப் பார்த்துத் தலையசைத்தார். பேச்சிமுத்து ஒவ்வொரு தொலியாக எடுத்துப் பிளந்து காட்டி, வழக்கப்படி சத்தமாக எண்ணவும் ஆரம்பித்தான். எண்ணாமல் எதையும் தொடுகிற ஆள் இல்லை அவன். ஒண்ணு, காலி. ரெண்டு, காலி. காம்பு உள்ளது தனி, இல்லாதது தனி. மாயக்காளின் லாரிக் கணக்கை உக்கிரபாண்டியே எண்ணவைத்துவிட்டார். அவருக்கு அது அப்போது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது, சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாம் முடிச்சில் ஒரு தொலியிலிருந்து ஒரே ஒரு அரிசி உருண்டது. மாயக்காளின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். உக்கிரபாண்டி விரலை நீட்டினார். சேர்மன் அந்த அரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"சொத்தை. மேல எண்ணுப்பா" என்றார்.

ஐந்தாம் முடிச்சை அவிழ்த்தால் வெறும் துணி. உதறிப் பார்த்தும் ஒன்றும் விழவில்லை. உக்கிரபாண்டி இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

"பாத்தீகளா? இஷ்டத்துக்கு அள்ளிப்போட்டுக் கட்டிருக்கா. அஞ்சாவதுக்குத் தொலி பத்தல போல."

"அன்னைக்கு மலையில மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு மெம்பரய்யா" என்றாள் மாயக்காள். "ஒரு லாரியும் எறங்கல. ஒங்க லாரி ரெண்டும் மேலதான நின்னுச்சு? இல்லாத லாரிக்கு நான் எப்பிடித் தொலி போடுவேன்?"

சேர்மனுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவருடைய ஏலக்காய் மூட்டையும் மேலேயே மாட்டிக்கொண்டது. பக்கத்து மெம்பர் ஆமாம், ஆடி அஞ்சு என்று சொன்னார். உக்கிரபாண்டி கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒருவரும் களவு என்று சொல்லவில்லை. மற்றப் பத்து முடிச்சும் தீரும் வரை பேச்சிமுத்துவின் குரல் மட்டும் கேட்டது.

நின்ற லாரி இருநூற்று நாற்பத்து மூன்று. ஆளை ஓடவைத்த லாரி முப்பத்தொன்று. சாலை சுத்தமாக உள்ளது என்ற தாளைச் சேர்மன் எடுத்து, மடித்து, பேச்சிமுத்துவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எந்த மணிக்குப் போய்ப் பாக்கணும்னு அந்த ஆத்தாகிட்ட கேட்டுட்டுப் போயிருக்கலாம்ல" என்றார்.

அன்றைக்கே தீர்மானம் எழுதினார்கள். லாரிகள் நிற்க வாரச்சந்தைப் பொட்டல். தெருவுக்குள் ஒரு நேரத்தில் ஒரே லாரி, சரக்கு இறக்க மட்டும், இஞ்சினை நிறுத்திவிட்டு. பின்பக்கமாக வருவதென்றால் கிளீனர் இறங்கிச் சிவப்புத் துணியோடு முன்னே நடந்து ஆட்களை ஒதுக்க வேண்டும். வாசலில் மாயக்காள் விஷயத்தைச் சொன்னதும் முப்பது பெண்களும் குலவை போட்டார்கள். சந்தைக்கு வந்த சிலமலை ஊர்க்காரர்கள் ஏதோ கல்யாணம் என்று எட்டிப் பார்த்தார்கள். நான் என் வாழ்நாளில் எத்தனையோ கோஷம் எழுதியிருக்கிறேன். அந்தக் குலவைக்குப் பக்கத்தில் நிற்க அவற்றில் ஒன்றுக்கும் தெம்பு கிடையாது.

தீர்மானம் தாளில் இருந்தால் போதுமா? அடுத்த நாலு நாள் மாயக்காள் மறுபடி தொலி வைத்தாள். முதல் நாள் ஒன்பது, ரெண்டாம் நாள் நாலு, பிறகு ஒன்று. நாலாம் நாள் முடியும்போது முறத்து ஓரத்தில் ஒன்றும் இல்லை.

ஆவணியில் புதுக்காய் இறங்கியது. அய்யம்மாள் முறத்தோடு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். சுருளிவேல் அவனே எழுந்து போய்ப் பச்சைக்காயை அவள் முறத்தில் கொட்டினான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்காள் அவளைப் பிடித்துக் கூட்டிப்போகக் கையை நீட்டினாள். அய்யம்மாள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலைத் தரையில் வைத்துச் சற்று நேரம் நின்றாள். தரை அசையாமல் கிடந்தது. பிறகு நடந்தாள். பாதித் தெரு போனதும் திடீரென்று நின்று ஓரமாக ஒதுங்கினாள். அதற்கும் பிறகுதான் முனையிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாக வருவது எங்களுக்குத் தெரிந்தது. உக்கிரபாண்டியின் லாரி. கிளீனர் சிவப்புத் துணியோடு முன்னால் வந்து, அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தினான்.

இஞ்சின் அணைந்தது. அய்யம்மாள் நடுத்தெருவுக்கு வந்து, அந்த லாரியைச் சுற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

"ஒத்தையில போறா பாருண்ணே" என்றாள் மாயக்காள். அய்யம்மாள் கீழே விட்டுப்போன முறத்தை எடுத்துத் தட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் மடியை உதறிக் காட்டப் போனாள்.