பயறு முளைத்த நோர்வேக் கூரை

சிட்னியில், டூங்கபியில் எங்கள் வேலிக்கு அப்பால் ஒரு நோர்வேக்காரர் இருந்தார். பெண்சாதி போனபின் தனி ஆள். அவருக்கும் அரைகுறை இங்கிலீஷ், எனக்கும் அரைகுறை. அதனால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாக விளங்கும்.

அவருடைய ஊர் மலைக்குள்ளே. ஆட்களைவிட ஆடுகள் கூட. அங்கே பழைய வீடுகளின் கூரையில் மண் பரப்பிப் புல் வளர்ப்பார்களாம். அதேமாதிரி இவரும் வளவுக்குள் ஒரு மரக் கொட்டில் கட்டி, கூரையில் புல் வளர்த்திருந்தார். அந்த நோர்வே ஊரின் சபைத் தலைவர் சிட்னியில் இருக்கும் தன் மகளைப் பார்க்க வரும்போது இதையும் வந்து பார்ப்பாராம். கூரை பச்சையாய் இருந்தால் ஊர்ச் சின்னம் பொறித்த பலகையை அதில் அறைவார். இல்லையென்றால் பலகை திரும்பிப் போய்விடும். பெண்சாதி கடைசிவரை ஆசைப்பட்ட பலகை அது.

அந்தக் கோடையில் குழாயால் தண்ணீர் அடிக்கத் தடை. புல் கருகித் தும்பாய்ப் போயிற்று. தலைவர் வர ஒரு கிழமைதான் இருந்தது. மனிதர் கொட்டில் வாசலில் கதிரை போட்டுச் செத்தவீட்டில் இருப்பதுபோல இருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் முளைப்பாலிகை போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் சட்டியில் முளைக்காத தானியம் கிடையாது. ஏணியைக் கொண்டுவரச் சொன்னேன்.

பயறு, கௌபி, எள், கிளிக்குப் போடும் தினை எல்லாவற்றையும் ஊறவைத்துக் கூரையில் விதைத்து, நனைந்த சாக்கால் மூடினேன். தெருவில் இருந்த எங்கள் சனம் அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் கொண்டுவந்து தந்தது.

மகள் வந்து பார்த்தாள்.

"அம்மா, ஆருக்குக் கலியாணம்?"

"கொட்டிலுக்கு."

"உங்களுக்கென்ன விசரே? வயசுபோன காலத்தில ஏணியில ஏறிக்கொண்டு!"

"ஏறினது நான். உனக்கேன் கால் நடுங்குது?"

சாக்கை எடுத்தபோது கூரை பச்சைப்பசேல் என்று இருந்தது. ஆனால் தினையைக் கண்டு வெள்ளைக் கிளிக்கூட்டம் ஒன்று வந்து இறங்கிவிட்டது. தலைவர் வந்து சேர்ந்த நேரம், நான் சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் நின்று, சட்டி மூடியில் அகப்பையால் அடித்து அவற்றைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். நெடுநேரம் பார்த்தார். தங்கள் ஊரில் எல்லோரும் தகரத்துக்கு மாறிவிட்டார்கள் என்றார். கூரைக்கு மேளம் அடிக்கும் வழக்கமும் ஒருகாலத்தில் இருந்திருக்க வேண்டும், தாங்கள்தான் கைவிட்டுவிட்டோம் என்று வருத்தப்பட்டார். நான் அடிப்பதை நிறுத்தவில்லை.

பலகையைத் தலைவர் அறைய, ஆணியைப் பக்கத்துவீட்டுக் கிழவர் பிடித்தார். சுத்தியல் ஒருமுறை அவர் விரலிலும் பட்டது. அவர் சிரித்தார். கிளிகள் திரும்பி வர நான் மறுபடி மூடியோடு ஏணியில் ஏறினேன்; தலைவர் படம் எடுத்தார்.

அடுத்த கிழமையே பயறு வாடி விழுந்தது. பலகை விழவில்லை.

மார்கழியில் அந்த ஊரிலிருந்து கலண்டர் வந்தது. முன்பக்கத்தில் பச்சைக் கூரை, பலகை, ஏணியில் சட்டி மூடியோடு நான். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கிழவரிடம் கேட்டேன்.

"எங்கள் ஊரின் பாரம்பரியம்" என்றார்.

அங்கே வீட்டுக்கு வீடு நான் தொங்குகிறேன். வீடுகள் குறைவுதான்.