வார்டில் நீட்டிய அடையாள அட்டை

மூன்று நாளாக மகள் வீசிங்கோடு கண்டி ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் இருக்கிறாள். டாக்டர்கள் பார்க்க வரும்போது தாய்மார் வெளியே போய்விட வேண்டும்.

இன்று புதிதாக வந்த சிங்கள டாக்டர் என்னை நிறுத்தினார். "அம்மா இருங்க. பிள்ளையப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்?"

சுற்றிலும் ஆறு வெள்ளைக் கோட்டுகள். "எங்க இருந்து வர்றீங்க?" என்றார்.

பன்வில என்று சொல்வதற்குள் என் கை அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டது. கண்டிக்கு வரும் வழியெல்லாம் செக்பொயின்ட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, துவக்கோடு நிற்கும் ஆமிக்காரருக்கு அட்டையைக் காட்டிப் பழகிய கை.

"அது வேணாம் அம்மா. ராத்திரி எத்தன தரம் இருமினா?"

சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். மருந்தையும் எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார்கள்.

அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் மகள் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, டாக்டரும் ஆமியா?"

இதை இவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? தெரிந்த தாய்மார் யாராவது எழுதுங்கள்.